செத்தவன் எப்படிச் சாட்சி சொன்னான்?

இன்னொரு மேசை கலைந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) நடத்தித் தருவது என் தொழில், அதனால் முறிந்துபோன கேம்பெயின்களை, அதாவது பல நாள் தொடரும் ஆட்டங்களை, ஒட்டித் தரச் சொல்லி ஆட்கள் வருவது வழக்கம்தான், ஆனால் சமீபமாக வரிசையாக ஒரே கதை. பார்ட்டி, அதாவது ஆட்டக்காரர்களின் பாத்திரக் குழு, நடுக்காட்டில் ஒரு தூதனைக் கொன்று புதைக்கிறது, பார்த்தவர் எவருமில்லை. அடுத்த நகரத்துக்குப் போனால் வாசலிலேயே காவலர்கள் வாளை உருவிக்கொண்டு நிற்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "உங்கள் ரெபுடேஷன் மைனஸ் ஆறு" என்கிறார் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்.

எத்தனை முறைதான் சொல்வது? ரெபுடேஷன், அதாவது ஊரில் எடுத்த பெயர், ஒரே எண் இல்லை. ஸ்ட்ரெங்த், அதாவது பலம், கேரக்டரின் உடம்பில் இருக்கிறது, போகும் இடமெல்லாம் கூடவே வரும். பெயர் இருப்பது ஊரார் வாயில். வரி வசூலிக்க வந்தவனை அடித்து விரட்டினால் விவசாயி கும்பிடுவான், பிரபு தலைக்கு விலை வைப்பான், பத்து ஊர் தள்ளி இருப்பவன் "நீ யாரப்பா?" என்பான். இதைக் கூட்டிக் கழித்துப் பூஜ்யம் என்று எழுதினால் அந்தச் சம்பவமே நடக்காத மாதிரி ஆகிவிடுகிறது. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற ஆர்பிஜியின் 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், அதாவது ஆட்டம் நடத்துபவருக்கான கையேட்டில், உள்ள ரினவுன் (புகழ்) விதிகூட ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனியாகத்தான் எண்ணச் சொல்கிறது. கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆர்பிஜியில் இன்னும் கறார்: அந்தப் பெயர் யார் யாரிடம் செல்லும் என்று முதலிலேயே எழுத வேண்டும், எல்லோருக்கும் எப்போதும் தெரிந்த பெயராக இல்லாவிட்டால் 3 பகடை உருட்டி, கூட்டுத்தொகை பெயரின் பரவலைப் பொறுத்து 10க்குள்ளோ 7க்குள்ளோ விழுந்தால்தான் எதிரில் இருப்பவருக்கு ஆளே தெரியும். (ஆளைக் கவரும் திறனான கரிஸ்மா வேறு, பெயர் வேறு என்பதை இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை, அலுத்துவிட்டது.)

எண்ணைத் தொடும் முன் கேளுங்கள்: யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், செய்தி போய்ச்சேர எத்தனை நாள்? பதில் இல்லையென்றால் பென்சிலைக் கீழே வையுங்கள். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆர்பிஜியில் இருப்பதுபோல -3 முதல் +3 வரை போதும், நூறு வரை வைத்தால் 41க்கும் 44க்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியாது. ஹவுஸ் ரூலை, அதாவது உங்கள் மேசைக்கென்று நீங்களே போட்ட விதியை, முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு ஆட்டக்காரர் மேல் கோபம் வந்த பிறகு கண்டுபிடிக்காதீர்கள். நல்ல பெயருக்குக் கடையில் தள்ளுபடி மட்டும் தருவது சோம்பேறித்தனம். எவனோ ஒருவன் அவர்கள் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றட்டுமே!

ஆட்டக்காரர்களே, நட்டநடுச் சந்தையில் தீ வைத்துவிட்டு "யாருக்குத் தெரியும்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அப்புறம், அந்தத் தூதன் கதை. ஆட்டத்தைக் காட்டுக்கே திருப்பி, புதருக்குப் பின்னால் ஒரு ஆடு மேய்க்கும் பையனை வைக்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டான், ஓடுகிறான், நகரம் மூன்று நாள் தூரம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறார்களாம்.