முதல் போட்டோ ஷூட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

போன வைகாசியில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் பதினாலு வருஷமாகப் படம் எடுக்கிறேன். கல்யாண வேலைதான் சோறு போடுகிறது. நடுநடுவே மாடலிங் ஆசையோடு வரும் பிள்ளைகளுக்கு, வாய்ப்புக் கேட்கும்போது காட்டுகிற படத் தொகுப்பான முதல் போர்ட்ஃபோலியோவும் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பெண் இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஏழு செட் உடுப்பு, எல்லாம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மொத்தம் 16,500 ரூபாய் ஆனதாம். ஃபோனில் மட்டுமே பழக்கமான ஒரு ஏஜென்சி, இன்ன உடுப்பெல்லாம் வேண்டும் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறது. அம்மா கழுத்துச் செயினை அடகு வைத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு சாட்டின் கவுன், கல் பதித்த ஒரு லெஹங்கா, பளபளவென்று ஒரு கோட். தோள் எங்கோ நிற்கிறது, இடுப்பு எங்கோ நிற்கிறது. என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, பிள்ள ஆசப்பட்டுக் கேட்டான்னு வாங்கிக் கொடுத்தாச்சு. இப்பம் உதவாதுன்னு சொல்லிராதிய."

உதவாது என்று அன்றைக்குச் சொல்ல மனசு வரவில்லை. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை எல்லாவற்றையும் போட்டு எடுத்தோம். கடைசியில் தேறியது ஒன்பது படம். அதில் ஆறு, அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது போட்டிருந்த பழைய நீலப் பருத்திக் குர்தியில் எடுத்தவை. கல்லூரிக்குப் போட்டுப் போட்டு உடம்போடு படிந்துபோன துணி. பைக்குள் இருந்தவற்றைவிட அதுதான் அவளை அழகாகக் காட்டியது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வரும் முன்னாலேயே ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் செயின் கழுத்திலேயே இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாடலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் கேட்பது 'டிஜிட்டல்ஸ்' என்கிற சாதாரணப் படங்களைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவர் முன்னால், மேக்கப் இல்லாத முகத்தோடு, முடியை ஒதுக்கிக் கட்டி எடுப்பது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. இதற்கு உடம்போடு ஒட்டி நிற்கும் வெள்ளை அல்லது கறுப்பு டி-சர்ட்டும் ஒரு ஜீன்ஸும் போதும். அவர்கள் பார்ப்பது முக அமைப்பையும் உடல்வாகையும் நிற்கிற விதத்தையும். லெஹங்கா போட்டால் இந்த மூன்றையும் மறைத்துவிடும். ஒழுங்கான ஏஜென்சி, வேலை வாங்கிக் கொடுத்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் கமிஷன் எடுக்கும். வேலை எதுவும் வருவதற்கு முன்னாலேயே பணம் கட்டு, நாங்கள் சொல்கிற கடையில் உடுப்பு வாங்கு என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, குறைந்த காசில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கண்ணுக்குத் தெரிவதும் கேமராவுக்குத் தெரிவதும் வேறு வேறு. 400 ரூபாய்ப் பருத்திச் சட்டைக்கும் 2,000 ரூபாய்ப் பருத்திச் சட்டைக்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்கே கஷ்டம். 400 ரூபாய் சாட்டின் அப்படி இல்லை. ஃப்ளாஷ் அடித்த உடனேயே காட்டிக் கொடுத்துவிடும். வழவழப்பான துணியில் ஒவ்வொரு சுருக்கமும் வெள்ளைக் கோடாக மின்னும், தையல் இழுத்த இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். அதனால் கையில் காசு குறைவாக இருந்தால் மினுமினுப்பு இல்லாத துணியாக எடுங்கள். பருத்தி, ரேயான், லினன் கலந்தது, டெனிம், கைத்தறி எதுவானாலும் சரி.

அடுத்து பட்டன். மலிவான சட்டையில் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் பிளாஸ்டிக் பட்டன்தான். திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் பட்டன், லேஸ் விற்கிற கடைகளில் மரநிறப் பட்டன் ஒரு டஜன் வாங்கி மாற்றிப் பாருங்கள், சட்டையின் தோரணையே மாறிவிடும். பூப்போட்ட துணியாக இருந்தால் பக்கத் தையலில் பூ ஒன்றோடொன்று சேர்கிறதா என்று பாருங்கள். பாதிப் பூ இந்தப் பக்கமும் பாதி மேலேயும் நின்றால் வேண்டாம்.

நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட துணிகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கோடும் கேமரா சென்சாரில் உள்ள புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலை அலையான கோலம் ஒன்று படத்தில் வந்துவிடும். அதை கம்ப்யூட்டரில் அழிப்பது பெரிய பாடு. பெரிய கட்டம் என்றால் பயமில்லை. நெஞ்சில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர் போட்டதும் வேண்டாம், பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போகாமல் எழுத்தைப் படிக்கப் போய்விடும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி ஷூட் கெடுவது இதனால்தான். ஆயத்த ஆடை வாங்கும்போது தோள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கடையில் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பு முனையில் வந்து உட்கார வேண்டும். தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை, செலவும் கூட. பக்கவாட்டில் பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பேன்ட் காலை மடித்து அடிப்பது எல்லாம் அரை மணி நேர வேலை. எங்கள் தெருவில் இருக்கிற டெய்லர் அண்ணாச்சி, ஆளை நிறுத்தி, சட்டையை உள்புறம் வெளியே வரும்படி போடச் சொல்லி, முதுகுப் பக்கம் இரண்டு கோடாக ஊக்குக் குத்துவார். "மூச்ச நல்லா இழுத்து விடு மக்கா" என்பார். இழுத்து விட்ட பிறகு ஊக்கை ஒரு நூல் அளவு தளர்த்துவார். மூச்சை அடக்கிக்கொண்டு அளவு கொடுத்தால் படத்தில் பட்டன் இடைவெளி வாய் பிளந்து நிற்கும், அதற்காகத்தான். அந்த ஒரு நூல் விஷயம் தெரிந்த டெய்லரைப் பிடித்து வைத்துக்கொண்டால் விலை உயர்ந்த கடைக்குப் போகவே வேண்டாம்.

தைக்க நேரமே இல்லை என்றால் பின்பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிக்கலாம். முன்பக்கத்திலிருந்து எடுக்கும்போது தெரியாது. பெரிய விளம்பர ஷூட்டுகளிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "நீ கறுப்பா இருக்க, மஞ்சள் போடாத, வெள்ளை போடாத" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்துவிடுகிறோம். அதைக் கேட்டுக் கேட்டு, என்னிடம் வரும் பிள்ளைகள் சாம்பலும் பிரவுனுமாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். கறுத்த நிறத்துக்குக் கடுகு மஞ்சள், மயில் கழுத்து நீலம், கரும்பச்சை, வெண்ணெய் வெள்ளை எல்லாம் அவ்வளவு எடுப்பாக இருக்கும். வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து வைப்பது ஃபோட்டோகிராஃபரின் வேலை. அது தெரியாதவர்தான் உங்கள் நிறத்தின் மேல் பழி போடுவார். பழுப்புச் சாம்பல் டி-சர்ட்டை மட்டும் நம்ம ஊர் சித்திரை வெயிலில் போடாதீர்கள், அக்குள் வேர்வை வேறெந்த நிறத்தையும்விட அதில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

எடுக்கப் போகிற இடத்தைத் தெரிந்துகொண்டு நிறம் எடுங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் மண்ணே செக்கச் செவேலென்று கிடக்கும். அங்கே போய் மெரூன் சேலை கட்டினால் ஆள் மண்ணோடு கலந்துவிடுவாள். நீலமோ பச்சையோ தனியாக நிற்கும். வெள்ளையும் நன்றாக வரும், ஆனால் விளிம்பில் ஏறிய செம்மண் கறை லேசில் போகாது. வயல் வரப்பில் எடுத்தால் பயிரின் பச்சை பிரதிபலித்துத் தாடைக்குக் கீழே ஏறும். முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி இருந்தால் அது கொஞ்சம் அடங்கும். ஆனி, ஆடியில் பணகுடி, இராதாபுரம் காற்றாலைகளுக்கு நடுவே எடுக்க எல்லோருக்கும் ஆசை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும், ஜார்ஜெட் துப்பட்டா எம்மாத்திரம்? கனமான பருத்திச் சேலைதான் அங்கே சொன்ன பேச்சு கேட்கும்.

ஆற்றில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்குத்துறைப் படித்துறையிலோ பாபநாசத்திலோ தண்ணீருக்குள் இறங்கும் படம் என்றால் மெல்லிய வெள்ளைத் துணி கூடவே கூடாது. நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. கரும் நிறத்தில் கெட்டியான பருத்தி போடுங்கள். வெள்ளை உடுப்புக்கு உள்ளே போடும் உள்ளாடை வெள்ளையாக இருந்தால் விளிம்பு தெரியும். தோல் நிறத்திலேயே இருந்தால் தெரியாது. எலாஸ்டிக் அழுத்திய தடம் தோலில் மறைய ஒரு மணி நேரமாவது ஆகும், அதனால் ஷூட் அன்று இறுக்கமானதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். ஆச்சியின் சுங்குடிச் சேலை, அம்மாவின் வீரவநல்லூர் தறிச் சேலை, அப்பாவின் கரை வேட்டி. ஒரே சேலையை மூன்று விதமாகக் கட்டி, கைவைத்த ரவிக்கை ஒன்று, காலர் கழுத்து ரவிக்கை ஒன்று, வெள்ளைச் சட்டை ஒன்று என்று மாற்றினாலே மூன்று தனி உடுப்பு மாதிரி இருக்கும். பழைய பட்டுச் சேலையை மட்டும் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஒரே மடிப்பில் வருஷக் கணக்கில் கிடந்த பட்டு, மடிப்பு ஓரத்தில் விண்டு போயிருக்கும், இழுத்துக் கொசுவம் வைத்தால் கிழிந்துவிடும். ஆச்சியிடம் கேட்டு வாங்கிய சேலையைக் கிழித்துக் கொடுத்தால் எந்தப் படம் ஈடாகும்? புதுக் கைத்தறி வேண்டுமென்றால் தீபாவளி நேரத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி கொடுப்பார்கள், அப்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம். நகை செட்டையும் பட்டுப் பாவாடையையும் வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டியதே இல்லை.

ஆன்லைனில் வாங்கி, விலைச்சீட்டை உள்ளே மறைத்துப் போட்டுப் படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. என் ஸ்டுடியோவில் அதற்கு இடமில்லை. யாரோ ஒரு சின்ன வியாபாரி அந்த நஷ்டத்தைச் சுமக்கிறார்.

அந்தப் பெண் மறுபடி ஆவணியில் வந்தாள். இந்த முறை ஒரு வாரம் முன்னாலேயே ஃபோனில் பேசிக்கொண்டோம். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு டி-சர்ட் 500 ரூபாய், கடுகு மஞ்சள் ரேயான் டாப்ஸ் 480, மூன்றையும் பிடித்துத் தைக்க 240, பட்டன் 60. ஆக 1,280 ரூபாய். ஜீன்ஸும் நீலக் குர்தியும் பழையது, சேலை அம்மாவுடையது. வரும்போது எல்லாவற்றையும் தேய்த்து, மடிக்காமல் ஹேங்கரிலேயே போட்டு, மேலே பழைய வேட்டியைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "அண்ணே, பஸ்ல கம்பியிலயே தொங்க விட்டுட்டு வந்தேன்" என்றாள். மூன்று மணி நேரத்தில் இருபத்திரண்டு படம் தேறியது.

கடைசியாக ஒன்று, இதைப் பெற்றோரும் படியுங்கள். வெளியிடத்தில் உடை மாற்ற மூடின இடம் எது என்று முன்கூட்டியே கேளுங்கள். மரத்தடியில் துணியைப் பிடித்துக்கொள்கிறோம் என்று சொன்னால் போகாதீர்கள், ஏற்பாடு செய்வது எடுப்பவரின் பொறுப்பு. துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவதை ஆட்சேபிக்கும் ஃபோட்டோகிராஃபர் உங்களுக்கு வேண்டாம். என்னென்ன உடுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் படத்தோடு எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். அன்றைக்குப் போன பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்றைப் போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பயந்து பணம் அனுப்பாதீர்கள், மெசேஜையும் அழிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்கள் உதவி எண் 181. ஷூட்டுக்குப் போகும் முன், உடுப்புப் பட்டியலையும் இடத்தையும் எடுப்பவர் நம்பரையும் சேர்த்து முதல் நாள் ராத்திரியே வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.