நடுக்குளத்தில் நின்றுபோகும் பொம்மைப் படகு

போன கோடை விடுமுறையில் ஒரு நாள், கடை சாத்தும் நேரத்தில் அப்பாவும் மகனும் வந்தார்கள். பையனுக்குப் பத்து வயதிருக்கும். கையில் சிவப்பு ரிமோட் படகு. மூடியைத் திறந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. ப்ரொப்பல்லரில் ஆகாயத்தாமரை வேர் கயிறு திரித்ததுபோல் சுற்றியிருந்தது. “ஏரிக்குள்ள போய் நின்னுடுச்சுண்ணே. இவன்தான் இறங்கி எடுத்துட்டு வந்தான்” என்றார் அப்பா. பையனின் கால்சட்டை இன்னும் காயவில்லை. “எவ்வளவு ஆழம் தம்பி?” என்றேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

படகை ஓரமாக வைத்துவிட்டு அவர்களோடு அரை மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரிமோட் பொம்மைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். படகு வாங்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அந்த அதிசயம் இன்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு நம் பிள்ளைகள் கைக்கு வந்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ரிமோட் கார் நின்றுபோனால் நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். படகு நின்றுபோனால் இடையில் தண்ணீர் இருக்கிறது. வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

விலை குறைந்த படகுகளில் பெரும்பாலும் 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் இருக்கும். முழு வேகத்தில் ஓட்டினால் எட்டு, பத்து நிமிடம் தாங்கும். முதல் நாள் கரையை ஒட்டியே ஓட்டி, எத்தனை நிமிடத்தில் வேகம் குறைகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பத்து நிமிடம் என்றால், ஆறாவது நிமிடமே கரைக்குத் திருப்பிவிட வேண்டும்.

அடுத்தது சிக்னல். ரிமோட் அனுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை தண்ணீருக்குள் ஊடுருவாது. படகின் ஆன்டெனாவோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. படித்துறையில் உட்கார்ந்து ரிமோட்டை முழங்காலில் வைத்து ஓட்டினால், பெட்டியில் போட்டிருக்கும் தூரம் ஒருநாளும் கிடைக்காது. எழுந்து நின்று நெஞ்சுயரத்தில் பிடியுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் காற்று. ஓட்டுவதற்கு முன் ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். இலை எந்தக் கரைக்குப் போய்ச் சேருகிறதோ, அந்தக் கரையில் நின்றுதான் ஓட்ட வேண்டும். அதாவது, காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். அப்படி நின்றால், பேட்டரி தீர்ந்தாலும் சிக்னல் அறுந்தாலும் படகு மெல்ல மிதந்து உங்களிடமே வரும். முதுகில் காற்று அடித்தால் அது எதிர்க்கரைக்குத்தான் போகும். கடைக்கு வந்த அப்பாவும் மகனும் நின்றது அப்படித்தான்.

மிதந்து வர வேண்டுமானால் மூழ்காமல் இருக்க வேண்டுமே. படகின் முன்பக்கத்து வெற்றிடத்தில் தெர்மாகோல் துண்டுகளை அடைத்துவையுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பாசியும் தாமரையும் மண்டிய இடத்தில் ஓட்டவே வேண்டாம். வேர் சுற்றிய பிறகும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

என்ன ஆனாலும் எடுக்க இறங்காதீர்கள், பிள்ளைகளையும் இறக்காதீர்கள். வண்டல் அள்ளிய ஏரியில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கும். கோயில் குளத்துப் படி பாசியில் வழுக்கும். கல்குவாரிக் குட்டையும் கிணறும் படகு விடும் இடமே அல்ல. ஒரு ரப்பர் பந்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, படகைத் தாண்டி எறிந்து மெதுவாக இழுத்தால் போதும், நரம்பு படகை வளைத்துக்கொண்டு வரும். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால், நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறோ, மூடிய காலிப் பிளாஸ்டிக் கேனோ எறியுங்கள். கத்தி ஆள் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல படகுகளின் அடியில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். அவை இரண்டிலும் தண்ணீர் பட்டால்தான் ப்ரொப்பல்லர் சுழலும். ஈரக் கை பட்டாலும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ரிமோட் விசை அழுந்தினால் விரல் கிழியும். படகைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் சுவிட்சை அணையுங்கள், ரிமோட்டை அப்புறம் அணைக்கலாம்.

பேட்டரியைக் கழற்றித் துடைத்து, சூடு ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். தரையில், கண்முன் வைத்துப் போடுங்கள். மெத்தை மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். லேசாக உப்பியிருந்தாலும் அந்த பேட்டரி வேண்டாம்.

சிவப்புப் படகின் மோட்டார் கருகியிருந்தது. மாற்றி, ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ் வைத்துக் கொடுத்தேன். வாங்க வந்த அன்று பையன் ஒரு ரப்பர் பந்தும் கொண்டுவந்திருந்தான். நாற்பதடி நரம்பை ஒரு கட்டையில் சுற்றி, முடிச்சு நழுவாதபடி அவனே இழுத்துக் கட்டினான்.