விளம்பரம் வந்த அன்றே மனு எழுதுங்கள்: நிலப் பயன்பாட்டு மாற்றம் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீடுகளுக்கு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். "இந்த சர்வே நம்பர் எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது?" என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். வில்லங்கச் சான்றில் அது வராது. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகர் இரண்டாவது முழுமைத் திட்டத்தில்தான் பார்க்க வேண்டும். குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம், திறந்தவெளி என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதில் ஒரு பயன்பாடு குறித்திருக்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

வடசென்னையில் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. ஆலையும் வீடும் ஒட்டி ஒட்டியே வளர்ந்த பகுதி இது. பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடிய பிறகு, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்ததைப் பார்த்திருக்கிறோம். மணலி, எண்ணூர் பக்கம் அபாயகரமான தொழில்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. குடியிருப்பை அங்கிருந்து விலக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்களே, அந்த இரவே போதும். தொழில் பகுதியில் விலை குறைவு என்று மனை வாங்கினால் வீட்டுக்கு அப்ரூவல் கிடைக்காது. அப்ரூவல் இல்லாவிட்டால் வங்கியிலும் கடன் கிடைக்காது.

சரி, பயன்பாட்டை மாற்றவே முடியாதா? முடியும். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது. நிலத்துக்காரர் சிஎம்டிஏவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் அலுவலகம் எழும்பூரில் இருக்கிறது, தாளமுத்து நடராசன் மாளிகை என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பத்துக்குப் பிறகு நாளிதழில் ஒரு விளம்பரம் வரும். எந்த சர்வே நம்பர், எதிலிருந்து எதற்கு மாறப் போகிறது, ஆட்சேபணை இருந்தால் எந்தக் கெடுவுக்குள் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் பிறகு சிஎம்டிஏவின் தொழில்நுட்பக் குழுவும், பிறகு குழுமமும் பரிசீலிக்கும்.

அமெரிக்காவில் சின்ன ஊர்களில்கூட இதற்கென்று ஒரு வாரியம் ஊரார் முன்னால் கூடி, பக்கத்து வீட்டுக்காரரைப் பேசவிட்டுக் கேட்கும். நம் ஊரில் குழு கூடும் நாளில் தெருக்காரர்கள் போய்ப் பேசும் வழக்கம் இல்லை. நமக்காகப் பேசப் போவது நாம் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணை மனு ஒன்றுதான். அதனால் அதை எப்படி எழுதுகிறோம் என்பது ரொம்ப முக்கியம்.

நான் பார்க்கும் மனுக்களில் பெரும்பாலானவை "நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கே வாழ்கிறோம், கருணை கூர்ந்து தடுக்க வேண்டும்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. உண்மைதான், ஆனால் அதை வைத்து அதிகாரி எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் கிடங்கு வரப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய், சந்து எங்கே மிகவும் குறுகுகிறதோ அங்கே அளந்து எழுதுங்கள். லாரி திரும்ப இடம் உண்டா, தீயணைப்பு வண்டி உள்ளே வருமா, பள்ளிக்கூடம் எவ்வளவு பக்கம், மழைக்கு எந்த வீட்டு வாசல்வரை தண்ணீர் நிற்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். தேதியோடு படம் இணையுங்கள். மனுவின் முதல் வரியிலேயே விளம்பரத்தில் உள்ள சர்வே நம்பர் வரட்டும். கையெழுத்து போடுகிறவர்கள் கதவு எண்ணையும் எழுத வேண்டும். நிலத்துக்காரரோடு உள்ள பழைய சண்டை, சாதி, கட்சி எதுவும் மனுவுக்குள் வரவே கூடாது. வந்தால் நல்ல காரணமும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அப்புறம், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

எல்லா மாற்றத்தையும் எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாழடைந்த கிடங்கு இருந்த இடத்தில் வீடுகள் வருவது தெருவுக்கு நல்லதுதான். அப்படிப்பட்ட இடத்தில் மழைநீர் வடிகால் வேண்டும், சாலைக்கு இடம் விட வேண்டும் என்று நிபந்தனை கேட்டு எழுதுங்கள்.

அனுமதி இல்லாமலோ அனுமதியை மீறியோ ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகளைக் குறிப்பிட்டு, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கோ சிஎம்டிஏவுக்கோ, அனுமதி கொடுக்க வேண்டியவர் யாரோ அவருக்கு எழுத வேண்டும். கூரை போட்ட பிறகு எழுதுவதைவிட அஸ்திவாரம் தோண்டும்போதே எழுதினால் வேலையை நிறுத்துவது சுலபம்.

இப்போது 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. ஒரு மனைக்கு இல்லை, கொடுங்கையூர், மாதவரம், திருவொற்றியூர் என்று பகுதி பகுதியாக நிலப் பயன்பாடு முடிவாகப் போவது அதில்தான். அதன் வரைவின் மேலும் மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் தெருவின் சர்வே நம்பர்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனுவை ஆங்கிலத்தில் எழுத ஆள் தேட வேண்டாம், தமிழில் கையால் எழுதியதே போதும்.