ஐரிஷ் நடனம் வேண்டுமா? முதலில் தரையைக் காட்டுங்கள்

லண்டனில் திருமணங்களுக்கும் அலுவலக விழாக்களுக்கும் கலை நிகழ்ச்சி ஏற்பாடு செய்வது என் தொழில். மார்ச் 17 புனித பேட்ரிக் நாள் நெருங்கினால் ஐரிஷ் நடனம் கேட்டு ஃபோன் மேல் ஃபோன் வரும். எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" நான் திருப்பிக் கேட்பது, "அங்கே தரை எப்படி?"

இது பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹோட்டல் கூடத்துக்கு நாலு பேர் கொண்ட குழுவை அழைத்துப் போனேன். பளபளவென்று பளிங்குத் தரை. ஒத்திகையிலேயே ஒரு பெண் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். மற்ற மூவரும் தரையில் தட்டித் தாளம் எழுப்பும் 'ஹார்ட் ஷூ' என்ற கட்டைக் காலணியைக் கழற்றிவிட்டு மெல்லிய தோல் காலணியோடு ஆடினார்கள். அழகாகத்தான் ஆடினார்கள், ஆனால் விழாக்காரர்கள் காத்திருந்ததோ அந்தத் தடதட சத்தத்துக்கு. தப்பு என்னுடையது. தரையை நான் போட்டோவில்கூடப் பார்த்திருக்கவில்லை.

பரதத்தில் சலங்கை ஒலிக்கும். இங்கே காலணியே தாளக்கருவி. ஹார்ட் ஷூவின் முனையிலும் குதியிலும் ஃபைபர்கிளாஸ் கட்டை இருக்கும். அது மரத்தில் பட்டால்தான் பேசும். கம்பளத்தில் சத்தம் அமுங்கிவிடும். கான்கிரீட்டில் சத்தம் வரும், ஆனால் ஒவ்வொரு குதிப்பின் அதிர்ச்சியும் ஆடுபவரின் காலுக்குத்தான் போகும். கால் எலும்பில் மயிரிழை விரிசல் இந்த நடனக்காரர்களிடம் அடிக்கடி காணும் காயம். டிஜே வைக்கும் மினுமினுக்கும் வாடகைத் தளமும் வழுக்கும். ஆகவே மிதித்தால் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும் மேடை, அதன்மேல் பிளைவுட், திருகாணி எதுவும் துருத்தாமல். நாலு பேருக்கு நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. தரையோரம் மைக்கும் வேண்டும். இல்லாவிட்டால் பாட்டுச் சத்தத்தில் காலடி மூழ்கிவிடும்.

அடுத்த சிக்கல் ரிவர்டான்ஸ். 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் நீண்ட வரிசையாக நின்று ஆடிய ஐரிஷ் நடனம் அது, ஏழு நிமிடம்தான். அதைப் பார்த்தவர்கள் நாலு பேருக்குப் பணம் கொடுத்துவிட்டு அந்த நீண்ட வரிசையை எதிர்பார்க்கிறார்கள், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு! மூச்சு வாங்கும் ஆட்டம் இது. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் ஃபிடில் வாசிப்பவரை உட்காரவையுங்கள். குழுவுக்கும் இளைப்பாறல், விருந்தினருக்கும் சாப்பிட நேரம்.

நடனப் பள்ளிக் குழந்தைகளை அழைத்தால் செலவு குறையும் என்பார்கள். சரி, ஆனால் இங்கிலாந்தில் குழந்தைகள் மேடையேறப் பல சமயம் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவை. விதிவிலக்குகள் உண்டு, எது பொருந்தும் என்று மன்றத்திடமே முன்கூட்டிக் கேளுங்கள். குழுவிடம் பொதுப் பொறுப்புக் காப்பீடு (மற்றவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் ஈடுகட்டுவது) இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நான் எப்போதும் சிபாரிசு செய்வது கேலி. யாரையும் கேலி செய்வதல்ல. ஐரிஷ்காரர்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்கு அதுதான் பெயர். ஒருவர் அடிகளைச் சொல்லிச்சொல்லி விருந்தினரையே ஆடவைப்பார். 'சீஜ் ஆஃப் எனிஸ்' ஆட்டத்தில் எதிரெதிர் வரிசைகள் கைகோத்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும்போது மணமகனின் மாமாக்களே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். இதற்கு பிளைவுட்கூட வேண்டாம். விருந்துக்கு யாரும் ஹார்ட் ஷூ போட்டு வருவதில்லையே.