இனப்பெருக்கம் அன்று, இனமேம்பாடு

"பெரிய தானியங்களுக்காகக் கோதுமையை இனப்பெருக்கம் செய்கின்றனர்" என்று கொழும்பில் காலைச் செய்தியொன்றில் இவ்வாரம் மூன்றாம் முறையாகக் கேட்டபோது, கையிலிருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்துவிட்டேன்.

அச்செய்தி மொழிபெயர்க்க முயன்ற ஆங்கிலச் சொல்லான 'பிரீடிங்', குஞ்சைச் சூட்டில் வைத்துப் பேணுவதைக் குறித்த பழஞ்சொல்லின் வழி வந்தது. எண்ணிக்கை அதில் முதன்மையன்று.

இனப்பெருக்கம் என்பதோ ஓர் உயிர் தன் வழித்தோன்றலை உண்டாக்குதல். கோதுமைக்கு அதில் எவர் உதவியும் வேண்டியதில்லை. ஒரு பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூலகத்தையே சேரும். ஆய்வாளர் செய்வது அதை மறிப்பது: மகரந்தம் உதிருமுன் பூக்களைத் திறந்து, இடுக்கியால் மகரந்தக்கூடுகளை அகற்றி, வேறொரு கோதுமை இனத்தின் மகரந்தத்தை இட்டு, பிறப்பவற்றைப் பல தலைமுறை விதைத்துச் சிறந்தவற்றைத் தெரிந்தெடுக்கிறார். மறித்துத் தொடங்கும் வேலைக்கு மறிக்கப்பட்டதன் பெயரையே சூட்டுவது என்ன முறை? பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'பிஜி' நெல்லினங்களை விதைப்பண்ணையில் பெருக்குவது வேறு, அவற்றை உருவாக்கியது வேறு. இரண்டையும் பெருக்கம் என்றே எழுதினால் உழவருக்கு எது விளங்கும்?

'இனப்பெருக்கம்' என்பதன் இரண்டு உறுப்பும் தமிழ்ச்சொல் என்பார்கள். தூய்மை எனக்கும் உவப்பே. ஆயினும் பொருள் பிழைத்த தூய்மையைவிட, இங்கு பலர் எழுதும் 'இனவிருத்தி' மேல். விருத்தி வடசொல்லாயினும் செழிப்பையும் குறிக்கும். வம்சவிருத்தியின் நிழல் அதிலும் விழுவதால் நான் 'இனமேம்பாடு' என்பேன்; அதன் படிகள் கலப்பும் தெரிவும்.

மேம்பாடு என்றால் பருமன் கூடுவது என்றும் கொள்ள வேண்டாம். அமெரிக்க வேளாண் அறிவியலாளர் நோர்மன் போர்லாக் மெக்சிக்கோவில் 'நோரின் 10' என்னும் யப்பானியக் கோதுமையின் வழிவந்த குட்டைப் பண்பைக் கோதுமையில் சேர்த்தபோது தாள் குறுகிற்று. உரமிட்டாலும் சாயாமல் நின்றதால் விளைச்சல் கூடிற்று. அங்கே மேம்பட்டது குறுகியதனால்தான்.

'பெரிய தானியம்' இன்னொரு தலைவலி. தானியம் என்பது நெல், கோதுமை, குரக்கன் என்னும் வகை. கதிரில் இருப்பது மணி. வயலில் 'மணி பிடித்துவிட்டது' என்பவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் ஒருநாள் கேட்டிருக்கலாம். மணி பெருத்தால் கதிருக்கு மணிகள் குறைவது வழக்கமாதலால், ஆயிரம் மணிகளின் நிறை கூடியும் விளைச்சல் கூடாதிருக்கக்கூடும். ஆய்வின் சிக்கலே அதுதான். தானியம் என்று எழுதியவருக்கு அந்தச் சிக்கலைச் சொல்லச் சொல்லே இல்லாமற் போகிறது.

அச்செய்தியை இப்படி எழுதியிருக்கலாம்: "மணி பருக்கவும் விளைச்சல் கூடவும் கோதுமையில் இனமேம்பாடு செய்கின்றனர்."