ஆற்காடு வேறு, ஆர்கேட் வேறு

அக்கா மகன் என் போனில் பழைய பாணிக் கார் பந்தயம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுல ஆர்கேட் ரேசிங்னு போட்டிருக்கே, இது நம்ம ஆற்காட்டுல இருந்து வந்த கேமா?"

வேலூரில் வளரும் பிள்ளைக்கு வரவேண்டிய சந்தேகம்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆற்காடு. அவன் தாத்தா இன்றைக்கும் தன் மாவட்டம் வட ஆற்காடு என்றுதான் சொல்வார். காதில் ஒன்றுபோல விழும் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஊர்ப் பெயர். ஆறு காடுகள் சூழ்ந்த இடம் என்பதால் ஆற்காடு என்பது ஒரு விளக்கம். அதையே வடமொழியில் ஷடாரண்யம் என்றார்கள். 'ஆர்' என்றால் ஆத்தி மரம், ஆத்தி நிறைந்த காடு ஆர்க்காடு என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆறு என்ற எண் இன்னொரு சொல்லோடு சேரும்போது அறுசுவை, அறுபடை என்று குறுகுவதே பெருவழக்கு. ஓடுகிற ஆறு என்றால் ஆற்றுக்காடு என்று வந்திருக்க வேண்டும். ஆர்க்காடு என்ற வடிவத்துக்கு ஆத்திதான் இயல்பாகப் பொருந்துகிறது.

ஆர்கேட் வந்த வழி வேறு. லத்தீனில் 'ஆர்கஸ்' என்றால் வில். வில்லைப் போல வளைத்துக் கட்டிய வாசலுக்கும் அதே பெயர். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நாம் தெருமுனையில் கட்டுகிற 'ஆர்ச்' அந்த வேரிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட வளைவுகள் வரிசையாக நிற்கும் நடைபாதை, இத்தாலி, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஆர்கேட் ஆனது. ஆற்காட்டுக்கும் இதற்கும் உறவில்லை. ஆனாலும் பாலாற்றங்கரையில் பழைய கோட்டையின் மிச்சமாக நிற்கும் டெல்லி கேட்டைப் பார்த்தால், ஆர்கேட்டின் வேர்ப்பொருளான வில்வளைவு கண்ணெதிரே தெரியும். பெயரில் இல்லாத தொடர்பு அந்த வாசலில் இருக்கிறது.

வளைவு நடைபாதைகளின் ஓரத்தில் கடைகள் வந்தன. லண்டனில் 1819இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேட் அப்படியொரு கடைத்தெரு. பிறகு காசு போட்டால் இயங்கும் வேடிக்கைப் பெட்டிகளை வைத்த கூடங்களுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1970களில் அந்தக் கூடங்களுக்குள் வீடியோ கேம் புகுந்தது. அதற்குள் வளைவு மறைந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நம் பந்தய ஆட்டம் பிறந்த இடம் இதுதான். 1974இல் அடாரி நிறுவனம் ஸ்டீயரிங், கியர், பெடல் எல்லாம் வைத்து கிரான் டிராக் 10 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. 1976இல் அதே நிறுவனத்தின் நைட் டிரைவர். கறுப்புத் திரையில் இருபுறமும் வெள்ளைக் கம்பங்கள் நகர்ந்து வரும், அவ்வளவுதான். காரைக்கூட இயந்திரம் வரையவில்லை; திரையின் மேல் ஒட்டிய படம் அது. இரவில் பெங்களூர் ரோட்டில் பள்ளிகொண்டா தாண்டிப் போகும்போது சாலையோர ஒளிர்கம்பங்கள் மட்டும் நம்மை நோக்கி வருமே, அந்த உணர்வை அவ்வளவு குறைந்த பொருளை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். 1982இல் நாம்கோ நிறுவனத்தின் போல் பொசிஷன் ஜப்பானின் ஃபூஜி ஓடுதளத்தை வண்ணத்தில் காட்டியது.

இந்த ஆட்டங்களின் குணத்தைத் தீர்மானித்தது காசுதான். ஒரு காசுக்கு ஒருவரே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் கடைக்காரருக்குக் கட்டாது. ஆகவே திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். செக்பாயிண்ட் என்று குறித்த இடத்தைத் தாண்டினால் கொஞ்சம் நேரம் கூடும், இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. மற்ற கார்கள் வழியில் நிற்கும் இடைஞ்சல்; உண்மையான எதிரி கடிகாரம்.

இதை நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் தை, மாசியில் மாடு விடும் விழா பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு காளையாக அவிழ்த்து விடுவார்கள். தெருவின் இருபுறமும் கூட்டம். பக்கத்தில் இன்னொரு காளை ஓடி அதை முந்தப்போவதில்லை. குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு, குறைந்த நேரம் எடுத்த காளைக்குப் பரிசு. ஆர்கேட் பந்தயமும் இதே இனம்.

அதன் உச்சம் என்று நான் நினைப்பது சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி 1986இல் உருவாக்கிய அவுட் ரன். சிவப்புக் கார், பக்கத்தில் ஒரு பெண், கடற்கரைச் சாலை. கிளம்பும் முன்பே ரேடியோவில் மூன்று பாட்டில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும், எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்த ஊர் வரும். ஐந்து கட்டம் கடந்தால் ஐந்து முடிவுகளில் ஒன்று கிடைக்கும். மோதினால் கார் உருளும், இருவரும் வெளியே விழுவார்கள், மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடுவார்கள். பந்தயத்தை ஊர் சுற்றும் சந்தோஷமாக மாற்றிய ஆட்டம் அது. இன்றைக்கும் அதன் நீல வானத்தைப் பார்த்தால் எனக்கு மனசு லேசாகிறது.

இந்தப் பெட்டிகளை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு வந்தது டிவியில் மாட்டும் கேசட் கேம். அதில் கொனாமி நிறுவனத்தின் ரோட் ஃபைட்டர் இருந்தது. மேலிருந்து பார்க்கும் சாலை, வேகம் 400 கிலோமீட்டர் வரை ஏறும், பெட்ரோல் தீர்ந்துகொண்டே இருக்கும். பல நிறத்தில் மின்னி வரும் காரைத் தொட்டால் பெட்ரோல் கூடும். அதைத் தொட்டுவிட்டால் வீடே கத்தும். அப்புறம் பிரவுசிங் சென்டர்களில் ரோட் ராஷ் பைக் பந்தயம். கூடம் இல்லை, காசுத் துளையும் இல்லை, ஆட்டத்தின் குணம் மட்டும் அப்படியே இருந்தது. ஆர்கேட் என்ற சொல் இடத்தின் பெயர் என்பதிலிருந்து ஆட்ட வகையின் பெயராக மாறியதும் இப்படித்தான். 1997இல் கிரான் டூரிஸ்மோ போன்றவை நிஜ வண்டியின் எடை, பிடிமானம், பிரேக் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து வந்தபோது, அவை சிமுலேஷன், இவை ஆர்கேட் என்ற பிரிப்பு உறுதிப்பட்டது.

இந்தப் பழைய பாணி ஆட்டங்களோடு சேர்த்துச் சொல்லும் 'ரெட்ரோ' என்பதும் லத்தீன்தான். பின்னோக்கி என்று பொருள். இதில் ஒரு குழப்பம் உண்டு. 1986இல் வந்த அவுட் ரன் பழைய ஆட்டம். 2015இல் பிரேசிலில் உருவான ஹொரைசன் சேஸ் பழையதைப் போலப் புதிதாகச் செய்த ஆட்டம். இரண்டையும் ரெட்ரோ என்று ஒரே சொல்லில் அடைக்கிறோம். முதலாவதைப் பழைய ஆட்டம் என்றும், இரண்டாவதைப் பழம்பாணி ஆட்டம் என்றும் பிரித்துச் சொன்னால் தமிழில் தெளிவு கூடும்.

ஆர்கேட்டுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவது வீண். கட்டடத்துக்கு வளைவு நடை. ஆட்டப் பெட்டிகள் உள்ள இடத்துக்கு ஆட்டக்கூடம். காசாட்டம் என்று சிலர் சொல்லக்கூடும், ஆனால் நம் காதில் அது சூதாட்டமாக விழும், வேண்டாம். நொடியோடு போட்டியிடும் இந்தப் பந்தய வகைக்கு நேரப்பந்தயம் என்பதை நான் விரும்புகிறேன்; மாடு விடும் தெருவில் நின்றவர்களுக்குச் சொன்னவுடன் புரியும்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பாதிக்கு மேல் கேட்டானா தெரியவில்லை. மறுபடி ஆட ஆரம்பித்து, நேரம் தீர இரண்டு நொடி இருக்கும்போது அடுத்த செக்பாயிண்டைக் கடந்தவன் கத்தினான்: "கோட்டைத் தாண்டிட்டேன் மாமா!" செக்பாயிண்டுக்குக் 'கோடு' என்ற அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.