ரன்னிங் ஸ்டார்ட்: வாஷிங்டனில் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்திலுள்ள சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) பாடம் எடுக்கலாம்; அதற்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 1990இல் சட்டமான இந்தத் திட்டத்தின் பெயர் ரன்னிங் ஸ்டார்ட். எடுக்கும் பாடம் பள்ளி, கல்லூரி இரண்டின் கணக்கிலும் ஏறும். ஒரு பாடத்தை முடித்தால் படிப்புக் கணக்கில் சேரும் அலகுதான் கிரெடிட். கல்லூரியில் 5 கிரெடிட் என்றால் பள்ளியில் அது 1 கிரெடிட். பள்ளி ஒரு வருஷம் நடத்துவதைக் கல்லூரி ஒரே குவார்ட்டரில் (கல்லூரிப் பருவம்), சுமார் பதினோரு வாரத்தில் முடித்துவிடும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால், பள்ளியில் மூன்று வாரம் போனதற்குச் சமம். அதனால் முதல் குவார்ட்டரில் ஒரு பாடம் போதும்.

பெரும்பாலான சிக்கல் படிவத்தில்தான் வருகிறது. என்ரோல்மென்ட் வெரிஃபிகேஷன் (சேர்க்கையை உறுதிசெய்யும்) படிவத்தை ஒவ்வொரு குவார்ட்டருக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பிள்ளை பள்ளியில் எத்தனை வகுப்பு படிக்கிறது என்று பள்ளியின் கவுன்சலர் (ஆலோசகர்) அதில் எழுதுவார். கல்லூரியில் எத்தனை கிரெடிட் இலவசம் என்பது அதிலிருந்து தெரியும். ஒரு முழுநேரப் படிப்பை 1.0 என்று வைத்தால், பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து 1.4ஐத் தாண்டக்கூடாது. கல்லூரியில் 15 கிரெடிட் என்பது 1.0; பள்ளியில் எல்லா வகுப்பும் எடுத்தால் 1.0. ஆறு வகுப்பு உள்ள பள்ளியில் நான்கை வைத்துக்கொண்டால் அது சுமார் 0.67; மீதி 0.73க்குக் கல்லூரியில் சுமார் 11 கிரெடிட் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு மேல் போனால் கூடுதல் கிரெடிட்டுக்குப் பில் வீட்டுக்கு வரும். கல்லூரிப் பாடத்தின் எண் 100க்குக் கீழே (கல்லூரி நிலைக்கு முந்தைய பாடமாக) இருந்தாலும் பணம் கட்டத்தான் வேண்டும். கணிதத்தில் இது அடிக்கடி நடப்பதால், பதிவு செய்யும் முன் எண்ணைப் பாருங்கள்.

புத்தகம், லேப் கட்டணம், போக்குவரத்து எல்லாம் கைப்பணம். பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணங்களில் விலக்கு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

காலண்டரும் ஒத்துப்போகாது. கல்லூரியின் குளிர்காலக் குவார்ட்டர் ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கிவிடும். பள்ளியின் முதல் செமஸ்டர் முடிய ஜனவரி கடைசி ஆகும். நடுவில் மாறினால் பள்ளி வகுப்பு பாதியில் நிற்கும். செப்டம்பரிலேயே தொடங்குவது நல்லது.

இன்னொன்று பெற்றோருக்கு: பிள்ளைக்குப் பதினாறு வயதுதான் என்றாலும், கல்லூரிப் பதிவேட்டைப் பொறுத்தவரை உரிமை பிள்ளையுடையது. நீங்கள் போன் செய்து மார்க் கேட்டால் சொல்ல மாட்டார்கள். பிள்ளை கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் இருந்தால்தான் பேசுவார்கள்.

கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவு) நிரந்தரமாக நிற்கும். பிறகு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அதையும் அனுப்ப வேண்டும். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று தெரிந்தால் வகுப்புக்குப் போகாமல் இருப்பது தீர்வாகாது. பெயர் பட்டியலில் இருக்கும்வரை பூஜ்யம் விழும். விலகும் கடைசித் தேதியை முதல் நாளே குறித்துவைத்து, அதற்குள் கவுன்சலரிடமும் சொல்லி முறையாக விலகுங்கள். அந்த 1 கிரெடிட் இல்லாமல் பள்ளிப் படிப்பு முடியுமா என்பது அவருக்குத்தான் தெரியும்.